மில்லிகிராம் வீடு – 9: நிமிடத்துக்கு இருபத்தெட்டுச் சுற்று

பெல்ட் தபாலில் வந்துவிட்டது என்று போன வாரம் சொல்லி நிறுத்தியதிலிருந்து, "பொருந்துச்சா இல்லையா?" என்று ஆளாளுக்குத் துளைத்தெடுக்கிறீர்கள். பொருந்தியது. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தீர்களானால், இந்தக் குடும்பத்தை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம்.

இடையில் வந்து உட்காருபவர்களுக்காக நாலு வரி. அப்பா, கடை கடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் சரியா என்று சோதித்த அதிகாரி. ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியும் வீட்டில் அவருக்கு 'மில்லிகிராம்' என்றுதான் பெயர். பெரியவள், லிஃப்ட் பழுது பார்க்கிறவள். நாற்பத்து நாலு வயது. தம்பி, சரக்குக் கப்பலில் இயந்திர அறை. அவனுக்கு எட்டு மாதமாகவும் இவளுக்கு ஐந்து வயதாகவும் இருந்தபோது அம்மா இறந்துபோனாள். கைக்குழந்தையைச் சித்தி தூக்கிக்கொண்டு போய்ப் பத்து வயது வரை வளர்த்தாள்.

அம்மாவின் குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த தோழி, அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துப் பாடச் சொல்லி வெட்டிக் கொடுத்த ஓர் ஒலித்தட்டு. அதை ஓட்டிய டர்ன்டேபிளின் பெல்ட் அறுந்து முப்பது வருஷம். தம்பி சித்தி வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது டர்ன்டேபிள் ஏற்கெனவே ஊமையாகியிருந்தது. அம்மாவின் குரலை அவன் கேட்டதே இல்லை.

இன்று நாலு மணிக்கு அவனுக்கு வண்டி. பிறகு ஒன்பது மாதம் கடல். அதற்குள் கேட்க வைத்துவிடுகிறேன் என்று பெரியவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

காலை எட்டரைக்கே சாப்பாட்டு மேசையை அவள் கைப்பற்றிவிட்டாள். தட்டு, கரண்டி எல்லாம் தரையில் அகதியாக உட்கார்ந்திருந்தன.

"நாங்க எங்க சாப்பிடறது?" என்றான் தம்பி.

"நின்னுக்கிட்டே சாப்பிடு. கப்பல்ல என்ன, பாய் விரிச்சா போடறாங்க?"

மேசை மேல் டர்ன்டேபிள் அங்கம் அங்கமாகக் கிடந்தது. சாதாரணச் சாமான் இல்லை. ஊர் மாற்றலாகிப் போன ஒரு மேலதிகாரி தூக்க முடியாமல் அப்பாவிடம் விட்டுப்போனது. சுழல்கிற அலுமினியத் தட்டு மட்டும் நாலு கிலோ. அது இரண்டு அடுக்கு; உள்ளடுக்கின் நடுவிலிருந்து ஓர் எஃகுத் தண்டு இறங்கும். அந்தத் தண்டு கீழே ஒரு பித்தளைக் குழிக்குள், ஒரே ஒரு எஃகுக் குண்டின் மேல், இரண்டு சொட்டு எண்ணெயில் நின்று சுற்றும். தண்டும் குழியும் அவ்வளவு நெருக்கம். இன்று காலை அவள் தண்டைக் குழியில் விட்டபோது, உள்ளிருந்த காற்று வெளியேற வழியில்லாமல் அது பொட்டுப் பொட்டாக இறங்கியது. முழுசாக அடியைத் தொட மூன்று நிமிடம் ஆயிற்று.

"ஆஹா! பாருடா, எப்பிடி இறங்குது! நம்ம லிஃப்ட் ஒண்ணாச்சும் இப்பிடி இறங்குமா?"

தம்பியும் குனிந்து பார்த்தான். இயந்திரம் தெரிந்தவன் என்பதால் அவனுக்கும் உச்சி குளிர்ந்தது. மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கும் அடித்தளத்தை விரலால் அமுக்கினான். தளம் மேலும் கீழும் மெதுவாக அசைந்து அடங்கியது. பக்கத்தில் யார் தொம் தொம்மென்று நடந்தாலும் ஊசி குதிக்காது.

மில்லிகிராம் ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அரை மணியாக ஒரே பக்கம். மூன்று வாரமாகவே அவர் இப்படித்தான். செய்யாதே என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. ஒரு திருகாணி கீழே விழுந்தால் மட்டும் தலை நிமிரும்.

பெல்ட்டை மாட்டினாள். மோட்டாரின் தலையில் இருக்கும் சின்னப் பித்தளைப் புல்லியிலிருந்து உள்ளடுக்கின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் நாடா. சுவிட்சைப் போட்டாள். நாலு கிலோவும் சத்தமில்லாமல் அசைந்து, தயங்கி, சுற்றத் தொடங்கியது. முப்பது வருஷம் கழித்து அது நகர்வதைச் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சின்னவளாக இருந்தபோது, வருஷத்துக்கு ஒரு முறை, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அப்பா இதைத் திறப்பார். புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்த பசையின் வாசனை அறையில் இருக்கும். அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்காருவாள். அம்மா வருவாள். கனமான, தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல். வார்த்தையை இழுத்து இழுத்து, எதையோ தொலைத்தவள் போல ஒரு பாட்டு. அந்தப் பாட்டை நினைத்துக்கொண்டுதான் அவள் பரீட்சை எழுதினாள், வேலைக்குப் போனாள், இருட்டான லிஃப்ட் குழிக்குள் முதல் முறை இறங்கினாள். தம்பிக்கும் அதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அம்மா எப்படிப் பேசுவாள் என்று அவன் கேட்கும்போதெல்லாம், குரலைத் தாழ்த்திப் பேசிக் காட்டுவாள்.

"போட்டுடலாமா?" என்றான் தம்பி.

"இரு. வேகம் பாக்கணும்."

அவளுடைய எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. அந்தத் தட்டு கடையில் வாங்கும் இசைத்தட்டு ஜாதி இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பு அரக்கு. ஒவ்வொரு முறை ஊசி போகும்போதும் அரக்கைக் கொஞ்சம் சீவிக்கொண்டுதான் போகும். இப்போது விளிம்பில் வெடிப்பு வேறு. இன்னொரு முறை தாங்கும். அதற்கு மேல் யாரும் சத்தியம் செய்ய முடியாது. அந்த ஒரு முறையைத் தம்பி போனில் பதிவு செய்துகொள்வதாக ஏற்பாடு. பரீட்சித்துப் பார்க்க வேறு தட்டும் இல்லை. மற்றதையெல்லாம் அம்மா இறந்த வருஷமே அப்பா தானம் கொடுத்துவிட்டார்.

சாமான் பெட்டியில் வேகம் பார்க்கும் காகித வட்டம் ஒன்று இருந்தது. விளிம்பெல்லாம் கோடு கோடாக. டியூப் லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும் இல்லையா? வேகம் சரியாக இருந்தால் அந்த மினுக்கலில், சுற்றுகிற கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். வேகம் தவறினால் கோடுகள் ஓடும்.

இதில் ஒரு சிக்கல். வீட்டில் எல்லா விளக்கையும் எல்.ஈ.டி.யாக மாற்றிப் பெருமையடித்துக்கொண்டவள் பெரியவளேதான். அந்த விளக்கில் கோடு நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. வெறும் சாம்பல் நிறம். பழைய டியூப் லைட் மிச்சமிருந்த ஒரே இடம் குளியலறை.

ஆகவே உயர்ரகச் சுழல் இயந்திரம் ஒன்று, இரண்டு பொறியாளர்கள் தாங்கிப் பிடிக்க, ஊர்வலமாகக் குளியலறைக்குப் போய்ச் சலவை இயந்திரத்தின் தலையில் அமர்ந்தது.

"யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றான் தம்பி, கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு.

"குளிச்சுக்கிட்டே பாட்டு கேக்குற குடும்பம்னு நினைப்பாங்க. லைட்டப் போடு."

கோடுகள் நிற்கவில்லை. பின்னோக்கிப் பிய்த்துக்கொண்டு ஓடின. பெரியவள் முகம் சுருங்கியது. ஓரத்தில் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டினாள். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்க்க, அவள் எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் சொச்சமும் வர வேண்டும். இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. மறுபடி எண்ணினாள். அதேதான்.

"பெல்ட் நழுவுதோ?"

"நழுவினா முன்னப்பின்ன இருக்கும். இது ஒரே சீரா குறையுது. ஆறு பங்கு வர வேண்டிய இடத்துல அஞ்சு பங்கு..." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! இது வேற ஊர்க் கரண்டுக்கான புல்லிடா!"

லிஃப்ட் வேலையில் அவள் பார்க்காததா? சில நாட்டில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை ஆடும், சில நாட்டில் அறுபது. இந்த மாதிரி மோட்டார் அந்த ஆட்டத்தைப் பின்பற்றித்தான் சுற்றும். செய்தவர்கள் இரண்டுக்கும் இரண்டு புல்லி கொடுத்திருப்பார்கள். நம் ஐம்பதுக்குத் தடிமன் புல்லி. அந்த அறுபதுக்கு ஒல்லி. மோட்டார் தலையில் இருந்தது ஒல்லி.

பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில், அப்பா அலுவலகத்து முத்திரை போட்ட பழைய படிவத்தில் சுற்றி, தடிமன் புல்லி பத்திரமாக இருந்தது. அதன் நடுவில் பெல்ட் ஓடித் தேய்ந்த பளபளப்பு கூட இருந்தது. இதையே யாராவது ஒரு லிஃப்டில் காட்டியிருந்தால், இது ஏற்கெனவே ஓடிய புல்லியாயிற்றே, யார் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள் என்று கேட்காமல் விட்டிருக்க மாட்டாள். இன்று கேட்கவில்லை. ஊரிலுள்ள தராசையெல்லாம் குற்றம் கண்டுபிடித்த மில்லிகிராமைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவள் கண்ணை மறைத்தது.

"வருஷக்கணக்கா தப்பான புல்லியில ஓட்டியிருக்காருடா! அவர்கிட்ட சொல்லாத. மாத்திடுவோம். சரியான வேகத்துல கேட்டு அசந்துபோகட்டும்."

சின்னத் திருகாணியைத் தளர்த்தி, ஒல்லியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தடிமனை மாட்டினாள். விளக்கைப் போட்டதும் கோடுகள் அப்படியே நின்றன. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்கு எல்லாம் தயார். மேசை துடைக்கப்பட்டது. ஊசியின் பாரத்தை அவள் ஒன்றேகால் கிராமுக்கு வைத்தாள். அப்பா நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"பெரியவளே, எல்லாம் பழையபடியே வெச்சிருக்கல்ல?" என்றார்.

"பழையத விட நல்லாவே இருக்குப்பா," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தம்பி போனில் பதிவைத் தட்டினான். ஊசி இறங்கியது. சரசரவென்று அரக்கின் இரைச்சல்.

"ஐயோ, இப்பவே பேசணுமா? ஓடுதா இது?"

ஒரு பெண். இருபத்து நாலு வயதுப் பெண். கணீரென்று, பட்டென்று, வாய் நிறையச் சிரிப்போடு. பிறகு பாட்டு.

"வெங்காயம் கால் கிலோ, தோலுரிச்சா எவ்வளவு? தராசுக்கார மாமாவுக்குக் கோவம் வந்தா எவ்வளவு?"

பெரியவளுக்கு வார்த்தை எல்லாம் தெரியும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தை தெரியும். இத்தனை வருஷம் அவள் சோகப் பாட்டு என்று நெஞ்சில் வைத்திருந்தது இதைத்தான். ஆனால் இங்கே ஒருத்தி புருஷனைக் கேலி செய்து துள்ளிக்கொண்டிருந்தாள். யார் இவள்?

தம்பி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா இரண்டு கைகளாலும் நாற்காலியின் பிடியைப் பற்றியிருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நிறுத்து! ஐயோ, நிறுத்துடா! இது அம்மா இல்ல!"

கத்தியது பெரியவள்தான், ஊசியைத் தூக்கியதும் அவள்தான். பாட்டு பாதியில் நின்றது. தட்டு மட்டும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"புல்லிய மாத்தினியா?" என்றார் அப்பா.

"தப்பான புல்லி போட்டிருந்தீங்கப்பா. சரி பண்ணேன்."

"தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டிருந்தேன்."

அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"உங்கம்மா போயி ஒரு மாசம். மனசு கேக்காம இந்தத் தட்டப் போட்டேன். நீ பின்பக்கம் விளையாடிக்கிட்டு இருந்த. சத்தம் கேட்டதும் 'அம்மா'ன்னு ஓடி வந்த. சமையலறைக்குப் போன. மாடிக்குப் போன. குளியலறைக் கதவத் தட்டின. கடைசியில ஸ்பீக்கருக்குப் பின்னாடி போயி, அந்தத் துணிய நகத்தாலயே கிழிச்ச. அம்மா உள்ள மாட்டிக்கிட்டா, எடுத்து விடுப்பான்னு கத்தின. அஞ்சு வயசுக் குழந்தைக்கு நான் என்னத்தச் சொல்ல?"

பெரியவள் தன் விரல் நகங்களைப் பார்த்தாள்.

"வேகம் குறைஞ்சு, குரல் வேற ஆள் மாதிரி தாழ்ந்துடட்டும்னு மறுநாளே அந்த ஒல்லிப் புல்லிய எடுத்து மாட்டினேன். அடுத்த தடவ போட்டப்ப நீ ஓடல. பேசாம உக்காந்து கேட்ட. 'இந்த அத்தை யாருப்பா?'ன்ன. ரெண்டு வருஷம் கழிச்சு நீயாவே 'அம்மா பாட்டு போடுங்க'ன்னு சொல்ல ஆரம்பிச்ச. நான் ஆமாம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ஊர்ல ஒரு கிராம் குறைஞ்சா கடைய மூடினவன், வீட்டுக்குள்ள பொய் அளவு வெச்சிருந்தேன்."

பெரியவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பின்னால் வந்தது.

"எனக்குன்னு இருந்த ஒரே அம்மா அந்தக் குரல்தாம்பா. இவன்கிட்டயும் அதத்தான் அம்மான்னு சொல்லி வெச்சிருக்கேன். இவ யாரோ. எனக்கு இவளத் தெரியாது."

எழுந்து உள்ளே போய்விட்டாள். சட்டைப் பையிலிருந்த ஒல்லிப் புல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். தட்டில் இன்னும் பாதி இருந்தது. இந்தப் புல்லியை மாட்டிவிட்டால் மீதிப் பாதியில் பழைய அம்மா திரும்பி வருவாள். மாட்டாவிட்டால் அந்தப் பெண். எதைச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அரக்கு இரண்டு பேருக்கும் இடம் கொடுக்காது.

மூன்றே முக்காலுக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. கூடத்தில் தம்பி பையை இழுக்கும் சத்தம். பிறகு அவன் குரல், "ஐயையோ, போன் இன்னும் பதிவு பண்ணிக்கிட்டே இருக்கு!"

அவன் அதைத் தட்டிக் கேட்டான் போலிருக்கிறது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் அவளுக்கும் கேட்டது. அரக்கின் இரைச்சல். ஐயோ, இப்பவே பேசணுமா. வெங்காயம், தோல், மாமா. அவள் காதைப் பொத்திக்கொள்ளப் போனாள்.

"நிறுத்து! ஐயோ, நிறுத்துடா!" என்றாள் அதே பெண்.

பெரியவள் திடுக்கிட்டாள். பாட்டில் இந்த வரி கிடையாதே. பாடிக்கொண்டிருந்தவள் எதற்காக இப்படிக் கோபப்படுகிறாள்? அதே கணீர், அதே 'ஐயோ', முதல் எழுத்தில் அதே அழுத்தம்.

"இது அம்மா இல்ல!" என்றாள் அந்தப் பெண்.

பெரியவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தம்பி கையில் போனோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது... யாருடா பேசறது?"

"நீதான்க்கா."

தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? தம்பி பின்னுக்குத் தள்ளி மறுபடி போட்டான். எங்கே ஒருத்தி முடிகிறாள், எங்கே இன்னொருத்தி ஆரம்பிக்கிறாள் என்று இரண்டாம் முறையும் பிரிக்க முடியவில்லை.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்குப் பதினாலு வயசு. ஒருநாள் சமையலறையிலேர்ந்து 'அப்பா, காபி ஆறுது'ன்னு கூப்பிட்ட. நான் எழுந்திருக்கல. கால் வரல. அந்த வருஷந்தான் பெல்ட் அறுந்துச்சு. புதுசு கிடைக்கலன்னு உங்ககிட்டச் சொன்னேன். நான் தேடவே இல்ல. தினம் வீட்டுலயே கேக்குது, எனக்கு டர்ன்டேபிள் எதுக்கு?"

வாசலில் ஹாரன் அடித்தது. தம்பி அப்பாவைக் கட்டிக்கொண்டான். பையை எடுத்தான். "மீதிப் பாதிய நான் வந்து கேக்குறேன். அதுவரைக்கும் எந்தப் புல்லியும் மாட்டாத," என்றான்.

அவள் வாசல்வரை போனாள். எப்போதும் ஆயிரம் புத்தி சொல்லி அனுப்புகிறவளுக்கு இன்று வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தும் நேரத்தில், பழக்கத்தில் வந்துவிட்டது.

"பத்திரமா போய்ட்டு வாடா. வேளாவேளைக்குச் சாப்பிடு."

சொல்லிவிட்டு அவளே நின்றுபோனாள். தம்பி வண்டிக்காரரிடம் ஒரு நிமிஷம் என்று கைகாட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கினான். முப்பத்தொன்பது வயது ஆள், கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவ சொல்லுக்கா," என்றான்.